ஆளுக்குப் பத்து கிலோ

சஃபாரிக்கு வருகிறவர்கள் எங்கள் படிவத்தில் எல்லாவற்றையும் உண்மையாகத்தான் எழுதுவார்கள். மூட்டுவலி, குறட்டை, மாமியார் கூடாரம் கொஞ்சம் தள்ளியே இருக்கட்டும் என்பது வரை கூச்சமே படமாட்டார்கள். ஒன்பதாவது கேள்வியில் மட்டும் பேனா தயங்கும். உடல் எடை எவ்வளவு?

பூங்காவுக்குப் பூங்கா பறக்கிற சின்ன விமானங்களுக்கு அந்த எண் வேண்டும். ஒற்றை இன்ஜின், பன்னிரண்டு இருக்கை, இறங்குவதும் ஏறுவதும் புல்தரையில். ஆள், பை, எரிபொருள் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் விமானி கதவைச் சாத்துவார். காட்டு ஓடுதளங்களில் ஆளை நிறுக்கத் தராசு கிடையாது. நாங்கள் அனுப்புகிற எடைத் தாள்தான் அங்கே தராசு.

பல வருஷங்களுக்கு முன்னால் அப்படி ஒரு விமானம் கனம் தாங்காமல் வேலமரத்து உச்சியை உரசிக்கொண்டு எழும்பியது. அதில் எங்கள் முதலாளி பாஸ்கலினா அம்மாவும் இருந்தார். திரும்பி வந்ததும் அருஷாவில் மணிக்கூண்டுக்குப் பின்னால் இருக்கிற எங்கள் அலுவலகத்தில் ஒரு சட்டம் போட்டார். விருந்தாளி எழுதித் தரும் எடையோடு ஆளுக்குப் பத்து கிலோ சேர்த்துத் தாளில் ஏற்ற வேண்டும். விருந்தாளிக்கும் தெரியக் கூடாது, விமானிக்கும் தெரியக் கூடாது.

"பொம்பளைங்க எட்டு குறைப்பாங்க, ஆம்பளைங்க பன்னெண்டு குறைப்பாங்க. சராசரி பத்து. போடு அனேலி, யோசிக்காதே" என்பார்.

பதினோரு வருஷமாக யோசிக்காமல்தான் போட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த மார்ச் மாதக் கடைசிக்கு நார்வேயின் பெர்கனிலிருந்து ஆறு பேர் கேட்டிருந்தார்கள். நான்கு இரவு, இரண்டு பூங்கா. முதலில் தரங்கிரேவில் யானைகள், பிறகு பறந்து போய் செரங்கெட்டியின் தெற்குச் சமவெளி. குறுகிய பயணம்தான், ஆனால் எல்லாம் அழகாக இருக்க வேண்டுமாம். கூடாரத்துக்குள் செம்புத் தொட்டியில் வெந்நீர்க் குளியல், மரத்தடியில் வெள்ளை விரிப்புப் போட்ட மேஜை, பித்தளை விளக்கு, கண்ணில் ஒரு பிளாஸ்டிக் படக் கூடாது. எங்கள் தொழிலில் ஸ்டைல் என்றால் என்னவென்று கேட்டால் நான் இப்படித்தான் சொல்வேன். நாற்பது பேர் வாளி தூக்கி ஓடுவது ஆறு பேர் கண்ணில் படாமல் இருக்க வேண்டும்.

அவர்கள் சார்பில் எங்களுக்கு எழுதியவர் டோருன் என்கிற பெண்மணி. ஒரு பள்ளிக்கூடத்தின் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியை. என்ன நிற உடை கொண்டுவரலாம் என்று கேட்டார். நீலமும் கறுப்பும் வேண்டாம், செட்சே ஈ அந்த நிறத்தைப் பார்த்தால் கடிக்காமல் விடாது என்று எழுதினேன். ஆறு பேரும் புதிதாக மண் நிறத்தில் துணி வாங்கிவிட்டோம் என்று படம் அனுப்பினார். சொன்னதைக் கேட்கிற விருந்தாளிகளைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பயம்தான்.

படிவத்தில் 'விசேஷம் ஏதாவது உண்டா' என்ற கேள்விக்கு, 'எங்கள் எடை குறைப்புச் சங்கத்தின் இரண்டாவது ஆண்டு விழா' என்று எழுதியிருந்தார்கள். ஒன்பதாவது கேள்விக்கு 83.4, 91.7 என்று புள்ளி வைத்துப் பதில். டோருனுக்கு 98.6. அந்த எண்ணுக்குக் கீழே மட்டும் இரண்டு கோடு. நான் விசேஷத்தைப் படித்தேன், படித்துவிட்டுப் விருந்து இனிப்பில் சர்க்கரை வேண்டாம் என்று சமையலறைக்குக் குறிப்புக்கூட எழுதினேன். பிறகு எடைத் தாளை எடுத்து ஆறு பேருக்கும் பத்துப் பத்து சேர்த்தேன். 98.6 என்பது 108.6 ஆயிற்று. வாராவாரம் தராசில் ஏறுகிறவர்கள் எடையைப் பொய்யாக எழுதுவார்களா என்று ஒரு நொடி நின்றிருந்தால் போதும். கை நிற்கவில்லை.

இனி என் விஷயம். அந்த செரங்கெட்டி முகாமின் தலைமைச் சமையல்காரர் டெசிடெரி என் வீட்டுக்காரர். மூன்று மாதம் காட்டில், இரண்டு வாரம் வீட்டில். வீட்டுக்கு வந்தால் சமையலறை வாசலை மிதிக்கமாட்டார். கேட்டால், "டாக்டர் லீவுல வந்து பொண்டாட்டிக்கு ஊசி போடுவாரா?" என்பார். வாடிக்கையாளருக்கு அனுப்பும் ஒவ்வொரு பயணத் திட்டத்திலும், 'நட்சத்திரங்களின் கீழ் மறக்க முடியாத விருந்து' என்று பதினோரு வருஷமாக எழுதுகிறவள் நான். அந்த விருந்தில் ஒரு கவளம் சாப்பிட்டதில்லை. அவர் முட்டை வேகவைத்துக்கூட நான் பார்த்ததில்லை. எழுதுகிற வர்ணனையெல்லாம் வேறு முகாம்களின் விளம்பரத்திலிருந்து எடுத்தது.

நீண்ட மழைக்கு முகாமை மூட இன்னும் ஒரு வாரம் இருந்தது. திரும்பத் திறக்கும்போது டெசிடெரி முகாம் மேலாளர். வெள்ளைத் தொப்பி வேறு ஒருவனுக்குப் போய்விடும். இந்த வாரம் சாப்பிட்டால்தான் உண்டு.

பாஸ்கலினா அம்மாவிடம் இதைச் சொன்னேன். சிரித்தார்.

"பதினோரு வருஷமா உனக்குப் பொங்கிப் போடாத புருஷனை நம்பி விருந்தாளிங்களை அனுப்பிட்டு இருக்கியா? பெரிய தைரியசாலிதான். நார்வேக்காரங்க விமானத்துல சீட்டு காலியா இருக்கு. போய்ட்டு வா. முகாமைப் பார்த்த மாதிரியும் இருக்கும்."

எடைத் தாளில் ஏழாவது வரியாக என் பெயரை எழுதினேன். எடை 58. அலுவலக ஆளுக்குப் பத்து சேர்க்கும் வழக்கம் இல்லை. டெசிடெரிக்கு, வருகிறேன் என்று ஒரு வரி அனுப்பினேன். 'ஏழு தட்டு' என்று மட்டும் பதில் வந்தது. அவருக்கு அது நீளமான கடிதம்.

விருந்தாளிகள் இரண்டு நாள் முன்பே சாலை வழியாகத் தரங்கிரே போயிருந்தார்கள். நான் விமானம் புறப்படும் அன்று விடியற்காலை சரக்கு லாரியில் கிளம்பினேன். ஓட்டுநர் மொலேல் எனக்கும் அவனுக்கும் நடுவில் இரண்டு பெரிய பச்சை வாழைத்தார்களை நிறுத்தி வைத்திருந்தான். பின்னால் போட்டால் அடிபடுமாம். மூன்று மணி நேரம் அந்தத் தார்கள் என் முழங்காலை இடித்துக்கொண்டே வந்தன. கிளிமஞ்சாரோ சரிவில் இருக்கிற மராங்குவிலிருந்து தனியாகச் சொல்லி வாங்கிய காய் என்றான்.

"நார்வேக்காரங்களுக்கு எதுக்குடா மராங்கு வாழைக்காய்? உருளைக்கிழங்கு கொடுத்தா தின்னமாட்டாங்களா?"

"எனக்கு என்னக்கா தெரியும்? செரங்கெட்டி சமையலறைக்குன்னு சீட்டு ஒட்டியிருக்கு. நசுங்கக் கூடாதுன்னு அண்ணன் நாலு தடவை போன் பண்ணிட்டாரு. பொண்டாட்டி நசுங்கக் கூடாதுன்னு ஒரு போன்கூட வரல."

நான் தாரை அவன் பக்கம் தள்ளினேன்.

ஓடுதளத்தில் ஆறு பேரும் மண் நிற உடையில் வரிசையாக நின்றிருந்தார்கள். இரண்டு நாள் வெயிலில் மூக்கு சிவந்திருந்தது. நானூறு யானை பார்த்தோம் என்றார்கள். டோருன் உயரமான பெண், அகன்ற தோள், கழுத்தில் பைனாகுலர். என் கையைப் பிடித்து அழுத்தமாகக் குலுக்கினார்.

"நீங்கதான் அனேலியா? எல்லாத்தையும் ஒரு நிமிஷம் பிசகாம போட்டிருக்கீங்க. ஒரு புள்ளிகூட தப்பு இல்ல."

எனக்குப் பெருமையாக இருந்தது. பொய் சொல்வானேன், நன்றாகவே இருந்தது.

விமானி கேப்டன் நசோரோ, கடலோர டாங்கா ஊர்க்காரர். பைகளையும் வாழைத்தாரையும் ஏற்றச் சொல்லிவிட்டு, இறக்கையின் நிழலில் நின்று தாளில் கூட்டினார். திரும்பக் கூட்டினார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, உச்சி வெயில். சின்ன ஓடுதளம். நாப்பத்தொரு கிலோ அதிகமா இருக்கு. நீ இறங்கிக்க."

"நான் இன்னும் ஏறவே இல்லையே அண்ணா."

"அப்ப இன்னும் சுலபம்."

"வாழைத்தாரை இறக்கிட்டு என்னை ஏத்துங்க."

"ரெண்டு தாரும் சேர்ந்து இருபத்தெட்டுதான். பத்தாது. அதுவுமில்லாம அது விருந்தாளிங்களுக்குச் சாப்பாடு. உன்னை யாரு திங்கப் போறா?"

அங்கேயே மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாற்பத்தொன்று அதிகம். நான் சேர்த்தது அறுபது. அந்த அறுபது கிலோ இந்த உலகத்திலேயே இல்லை. என் பேனாவில் மட்டும்தான் இருக்கிறது. அதைச் சொன்னால் நான் ஏறிக்கொள்ளலாம். ஆனால் ஆறு பேரும் பத்தடி தள்ளித்தான் நின்றிருந்தார்கள். உங்கள் பேச்சை நாங்கள் நம்பவில்லை என்று, இரண்டு வருஷம் பட்டினி கிடந்து எடை குறைத்தவர்கள் முன்னால் எப்படிச் சொல்வது? பாஸ்கலினா அம்மாவின் சட்டம் வேறு. வாயை மூடிக்கொண்டேன். ஏழாவது தட்டு கண்ணுக்குள் வந்து நின்றது, அப்போதும் மூடிக்கொண்டுதான் இருந்தேன்.

கேப்டன் என் பெயரை அடிப்பதற்காகத் தாளைத் தண்ணீர்ப் பெட்டியின் மேல் வைத்தார். தண்ணீர் எடுக்க வந்த டோருன் அதைப் பார்த்தார். கணக்கு ஆசிரியை, எண்களைப் பார்த்தால் படிக்காமல் இருக்க முடியாது.

"நூத்தி எட்டு புள்ளி ஆறு" என்று மெதுவாகப் படித்தார். அவர் முகத்தில் இருந்த வெயில் சிவப்பு போய்விட்டது. திரும்பித் தன் கூட்டாளிகளைப் பார்த்து, "ரெண்டு நாளைக்குள்ளயா?" என்றார்.

அவர் எங்களைச் சந்தேகப்படவில்லை. தன்னைத்தான் சந்தேகப்பட்டார். தரங்கிரே முகாமில் சாப்பிட்டதையெல்லாம் மனசுக்குள் எண்ணிப் பார்ப்பது எனக்குத் தெரிந்தது. அதற்கு மேல் என்னால் சும்மா நிற்க முடியவில்லை.

"அது உங்க எடை இல்லம்மா. நான் பத்து கிலோ சேர்த்தேன். ஆறு பேருக்கும் சேர்த்தேன். வர்றவங்க எல்லாரும் குறைச்சு எழுதுவாங்கன்னு எங்க ஆபீஸ்ல அப்படி ஒரு பழக்கம். நீங்க எழுதினதுதான் சரி. தொண்ணூத்தி எட்டு புள்ளி ஆறு."

கேப்டன் நசோரோதான் முதலில் வாயைத் திறந்தார்.

"அறுபது கிலோ சும்மா எழுதினியா?"

"ஆமாண்ணா."

"இதை ஏன் அஞ்சு நிமிஷம் முன்னாடி சொல்லல?"

"வெக்கமா இருந்துது."

"இப்ப சீட்டு போச்சுன்னதும் வெக்கம் போயிடுச்சாக்கும்." தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "பாரு தங்கச்சி, கூட்டினேன்னு நீ சொல்றது நிஜமாவே இருக்கலாம். ஆனா உனக்குச் சீட்டு வேணும். சீட்டு வேணுங்கிறவ வாயால வர்ற எடையை வெச்சு நான் இன்ஜினைத் திருகமாட்டேன். தாள்ல என்ன இருக்கோ அதுதான் கணக்கு. மேற்கே மழை கட்டுது, நேரமில்ல."

அவர் சொன்னதில் தப்பு இல்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். அதனால்தான் அவர் மேல் அவ்வளவு கோபம் வந்தது.

டோருன் இன்னும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வகுப்பில் காப்பியடித்த பிள்ளையைப் பார்க்கிற பார்வை.

"உங்க பேரும் தாள்ல இருந்துது. அம்பத்தெட்டு. அதுலயும் பத்து சேர்த்தீங்களா?"

இல்லை என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அன்றைக்கு என்னவோ, ஆரம்பித்த உண்மையை நிறுத்த முடியவில்லை.

"இல்ல. ஒன்பது குறைச்சேன். அம்பத்தெட்டு என் கல்யாணத்தப்ப இருந்த எடை."

மற்ற ஐந்து பேரும் சத்தமாகச் சிரித்தார்கள். டோருன் சிரிக்கவில்லை.

"எங்க சங்கத்துல இடம் இருக்கு. வாங்க. ஆனா எங்ககிட்ட தராசு உண்டு" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நீங்க எதுக்காக எங்ககூட வர்றதா இருந்தீங்க? வேலையா?" என்று கேட்டார்.

"அந்த முகாம் சமையல்காரர் என் வீட்டுக்காரர். அவர் சமையலைச் சாப்பிடணும்னு."

"சாப்பிட்டதே இல்லையா?"

"இல்ல."

அவர் கேப்டனிடம் போய் ஏதோ பேசினார். தன் பையை இறக்கிவிட்டு என்னை ஏற்றச் சொன்னார் என்று பிறகு தெரிந்தது. பை பதினைந்து கிலோ. அதுவும் பத்தவில்லை. கதவைச் சாத்தினார்கள். இன்ஜின் இரைந்தது, புல் படுத்தது, விமானம் ஓடுதளத்தின் பாதியிலேயே சுலபமாக எழும்பி வேலமரங்களுக்கு மேலே வெகு உயரத்தில் போயிற்று. அறுபது கிலோ இல்லாத விமானம் அப்படித்தான் எழும்பும். மொலேல் என் பக்கத்தில் நின்று கையால் கண்ணை மறைத்துக்கொண்டு பார்த்தான்.

"இன்னும் ரெண்டு பேரை ஏத்தலாம் போல இருக்கேக்கா" என்றான்.

லாரியில் திரும்பும்போது நடு இருக்கை காலியாக இருந்தது. கால் நீட்டி உட்கார வசதியாக இருந்தது. வழியில் வரும் மக்குயூனி சந்தி வரைக்கும் அழுதேன். மொலேல் ரேடியோவைச் சத்தமாக வைத்துவிட்டுச் சாலையைப் பார்த்தே ஓட்டினான்.

மறுநாள் காலை பத்து மணிக்கு டெசிடெரி போன் செய்தார். அங்கே ஒரு பாறை மேல் ஏறினால்தான் தொடர்பு கிடைக்கும். மூச்சு வாங்குவது கேட்டது.

"அறுபத்தேழாமே" என்றார்.

"யாரு சொன்னா?"

"அந்த உசரமான அம்மா. விமானத்துலேர்ந்து இறங்கி நேரா சமையலறைக்கு வந்தாங்க. விருந்தாளி யாரும் அங்க வரமாட்டாங்க, பசங்க பயந்துட்டானுங்க. 'உங்க மனைவி வரல, அவங்க எடை அறுபத்தேழு, தப்புல எங்க பங்கு எதுவும் இல்ல, முழுக்க அவங்களோடதுதான்'னாங்க."

"வேற என்ன சொன்னாங்க?"

"ஏழாவது நாற்காலியை எடுக்கக் கூடாதுன்னாங்க. நானும் எடுக்கல."

"என்ன சமைச்சீங்க?"

காற்றை மீறிக் குரலை உயர்த்திச் சொன்னார்.

"அவங்களுக்கு வழக்கமான மூணு வகை. உனக்கு மச்சலாரி."

மச்சலாரி என்றால் வாழைக்காயும் மாட்டிறைச்சியும் சேர்த்து வேகவைப்பது. கிளிமஞ்சாரோ சரிவில் எங்கள் ஆட்கள் வீட்டுக்கு வீடு வைக்கிற சாதாரணக் குழம்பு. என் முழங்காலை மூன்று மணி நேரம் இடித்துக்கொண்டு வந்த மராங்கு வாழைக்காய் யாருக்கென்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அதை இறக்கிவிட்டு என்னை ஏற்றச் சொல்லிக் கேட்டிருந்தேன்.

"அதை என்ன பண்ணீங்க?"

"மேஜையில உன் இடத்துல வெச்சேன். ஆறிப்போச்சு. பசங்க எடுக்க வந்தானுங்க, அந்த அம்மா விடல. என்னை உட்காருன்னாங்க. விருந்தாளிங்க மேஜையில நான் எப்படி உட்கார்றது? தொப்பியைக் கழட்டி வெச்சிட்டு உட்காருன்னாங்க. உன் தட்டுல நானே சாப்பிட்டேன்."

நான் மேஜையிலிருந்து ஒரு காகிதத்தை இழுத்துக்கொண்டேன்.

"எப்படி இருந்துதுன்னு சொல்லுங்க. எழுதிக்கிறேன்."

"எதுக்கு?"

"சொல்லுங்க."

அவர் சொன்னார். காய் கரையாமல் விளிம்பு மட்டும் குழைந்திருந்ததையும், இறைச்சி காலையிலிருந்து விறகுக் கனலில் கிடந்ததையும், தக்காளி இந்த முறை புளிப்பாக வந்துவிட்டதையும் ஒவ்வொன்றாகச் சொன்னார். பதினோரு வருஷத்தில் அவர் அவ்வளவு நேரம் பேசி நான் கேட்டதில்லை. நான் ஒரு வார்த்தை விடாமல் எழுதினேன்.

"அப்புறம்?" என்றேன்.

"அப்புறம் என்ன. உப்பு கொஞ்சம் கம்மி. நீ வருவே, கேட்டுப் போட்டுக்கலாம்னு விட்டிருந்தேன்."

அடுத்த வாடிக்கையாளருக்கு அனுப்பிய பயணத் திட்டத்தில் செரங்கெட்டி இரவு விருந்து என்ற இடத்தில் நான் எழுதி வைத்திருந்ததை அப்படியே போட்டேன். ஒன்பதாவது கேள்விக்கு அவர்கள் தந்த எண்களையும் அப்படியே ஏற்றினேன். பாஸ்கலினா அம்மா மூக்குக்கண்ணாடி வழியாக இரண்டையும் படித்தார். எடைகளோடு தன் பேனாவால் பத்துப் பத்து சேர்த்தார். விருந்து நன்றாக இருக்கிறது என்றார். உப்பு கொஞ்சம் கம்மி என்ற கடைசி வரியை மட்டும் அடித்துவிட்டார்.